ஆங்கிலத்தில் அப்பாயின்ட்மென்ட்: எங்கே சிக்குகிறது, எந்த வாக்கியம் சரிசெய்யும்

அப்பாயின்ட்மென்ட் கேட்பதற்கான ஆங்கில வாக்கியங்களைப் பாடப்புத்தகங்கள் ஒழுங்காகவே சொல்லித் தருகின்றன. ஆனால் அந்தப் பாடங்களில் எதிர்முனையில் இருப்பவர் நிதானமாகப் பேசுவார், கேட்ட நேரம் உடனே கிடைக்கும், யாருக்கும் எதுவும் தப்பாகக் காதில் விழாது. நிஜத்தில் பேச்சு நடுவில் எங்கேயாவது சிக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் சொல்ல ஒரு வாக்கியம் கைவசம் இல்லாததால்தான் பலரும் "ஓகே, ஓகே" என்று ஃபோனை வைத்துவிடுகிறார்கள். இலக்கணம் தெரியாததால் அல்ல.

அதனால் சிக்கல் வாரியாகவே பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஆங்கில வாக்கியங்களைக் காதில் விழுகிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். மனதுக்குள் படித்தால் போதாது, வாய்விட்டு ஓரிரு தடவை சொல்லிப் பாருங்கள்.

ஃபோனை எடுத்துவிட்டார்கள், முதல் வாக்கியமே வரவில்லை

தமிழில் நாம் பேச்சைக் காரணத்திலிருந்து ஆரம்பிப்போம். "ரெண்டு நாளா முட்டி வலிங்க, அதான் டாக்டரைப் பாக்கலாம்னு…" என்று இழுத்தாலே கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதே வரிசையில் போனால் பாதியிலேயே வார்த்தை தீர்ந்துவிடும். வந்த காரியத்தை முதலில் போட்டுவிடுங்கள்:

"ஹலோ, ஐட் லைக் டு மேக் அன் அப்பாயின்ட்மென்ட், ப்ளீஸ்."

மருத்துவர், வங்கி, வக்கீல், முடி திருத்தும் கடை என்று எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குறிப்பிட்ட ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் "அப்பாயின்ட்மென்ட்" என்பதை அடுத்து "வித்" போட்டு அவர் பெயரைச் சேர்த்தால் போதும். உணவகத்துக்கு மட்டும் இது ஆகாது, அங்கே "ஐட் லைக் டு புக் அ டேபிள்". நண்பரிடமும் இப்படிப் பேசினால் விறைப்பாக இருக்கும். "ஆர் யூ ஃப்ரீ ஆன் சாட்டர்டே?" என்று கேளுங்கள்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் "மே ஐ ஆஸ்க் வாட் இட்ஸ் ரிகார்டிங்?" என்று வரும். எதற்காக என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். முழுக்கதை வேண்டாம், "இட்ஸ் அபௌட் மை நீ" போதும். வழக்கமான பரிசோதனை என்றால் "இட்ஸ் ஜஸ்ட் அ செக்-அப்". ஏற்கெனவே பார்த்ததன் தொடர்ச்சி என்றால் "இட்ஸ் அ ஃபாலோ-அப்". வரவேற்பாளரிடம் சொல்லக் கூச்சமான விஷயம் என்றால் "இட்ஸ் பர்சனல், ஐட் ப்ரிஃபர் டு டெல் த டாக்டர்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். "ஹாவ் யூ பீன் ஹியர் பிஃபோர்?" என்றால் "நோ, இட்ஸ் மை ஃபர்ஸ்ட் விசிட்."

கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளில் உங்களுக்கு ஒத்துவரும் இரண்டு நேரங்களையும் உங்கள் ஃபோன் எண்ணையும் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சொந்த எண்ணை ஆங்கிலத்தில் சொல்லவே தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

தப்பாக எதுவும் சொல்லவில்லை, ஆனால் எதிர்முனையின் குரல் கடுப்பாகிறது

இது தமிழ் பேசுகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது, இதில் அவர்கள் மேல் குற்றமே இல்லை. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வரும். "நாளைக்கு வேணுங்க" என்பதில் அந்த "ங்க" எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றும்போது வால் உதிர்ந்துபோய், "ஐ வான்ட் டுமாரோ" என்று மொட்டையாக நிற்கிறது. சொல்பவர் மனதில் பணிவுதான் இருக்கிறது. கேட்பவருக்கு அது கட்டளையாக விழுகிறது.

கடைசியில் ஒரு "ப்ளீஸ்" சேர்ப்பதால் மட்டும் இது சரியாகாது. "கிவ் மி டென் ஓ'கிளாக், ப்ளீஸ்" என்பது இன்னமும் கட்டளைதான். ஆங்கிலத்தில் மரியாதை இருக்கும் இடம் "குட்" (could), "வுட்" (would) என்ற இரண்டு சொற்கள். "ஐ வான்ட்" வருகிற இடத்தில் எல்லாம் "ஐட் லைக்". "கிவ் மி" வருகிற இடத்தில் "குட் ஐ ஹாவ்". நாளை வர முடியுமா என்று கேட்க "வுட் இட் பி பாசிபிள் டு கம் இன் டுமாரோ?" இந்த மூன்றையும் பழகினாலே குரல் மாறிவிடும்.

மறுபக்கம் ஒரு எச்சரிக்கை: பயந்துகொண்டு வாக்கியத்துக்கு வாக்கியம் "சார்", "கைண்ட்லி" என்று தூவவும் வேண்டாம். பேச்சு ஆங்கிலத்தில் அது கடிதம் படிக்கிற மாதிரி ஒலிக்கும்.

அவர்கள் வேகமாகப் பேசுகிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை

"பார்டன்?" என்று மட்டும் கேட்டால் முழுவதையும் அதே வேகத்தில் இன்னொரு முறை கொட்டுவார்கள். எந்தத் துண்டு புரியவில்லையோ அதை மட்டும் கேளுங்கள்: "சாரி, வாட் டைம் டிட் யூ ஸே?", "சாரி, விச் டே வாஸ் தட்?" பதிலும் ஒரே சொல்லில் வரும், பிடித்துக்கொள்ளலாம். மொத்தமும் போய்விட்டது என்றால் "குட் யூ ஸே தட் அகெயின், அ லிட்டில் மோர் ஸ்லோலி?"

எண்களில் தர்ட்டீன், தர்ட்டி ஜோடி தாய்மொழிக்காரர்களையே ஏமாற்றும். பதின்மூன்றில் அழுத்தம் பின்பாதியில், முப்பதில் முன்பாதியில். ஃபோனில் அது தெளிவாகக் கேட்காது. "ஒன் த்ரீ, ஆர் த்ரீ ஜீரோ?" என்று இலக்கமாகப் பிரித்துக் கேட்டுவிடுங்கள். தேதி என்றால் "இஸ் தட் அ டியூஸ்டே?" என்று கிழமையைக் கேட்பது இன்னும் நல்லது. 13ஆம் தேதியிலிருந்து 30ஆம் தேதி 17 நாள் தள்ளி இருப்பதால் இரண்டும் ஒரே கிழமையில் விழவே விழாது.

"பேர் வித் மி" என்று கேட்டால் குழம்ப வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்கிறார்கள். "கேன் ஐ புட் யூ ஆன் ஹோல்ட்?" என்றால் இணைப்பிலேயே காத்திருக்க முடியுமா என்று அர்த்தம். "ஷ்யூர்" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள், வைத்துவிடாதீர்கள்.

"யெஸ்" சொன்னீர்கள், அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டார்

திங்கட்கிழமை உங்களால் வர முடியாது. அதைச் சொல்லியும் விட்டீர்கள். உறுதிப்படுத்திக்கொள்ள அவர் கேட்கிறார்:

"சோ யூ கான்ட் கம் ஆன் மண்டே?"

"யெஸ்."

"ஓ, யூ கேன்? கிரேட், மண்டே அட் டென் தென்."

என்ன நடந்தது? "திங்கட்கிழமை வர முடியாதா?" என்று தமிழில் கேட்டால் "ஆமாம், முடியாது" என்போம். அவர் சொன்னது சரி என்பதற்கான "ஆமாம்" அது. ஆங்கிலத்தில் "யெஸ்", "நோ" இரண்டும் கேள்வியைப் பார்ப்பதில்லை, நடப்பு நிலையைப் பார்க்கின்றன. வர முடியாது என்றால் கேள்வி எப்படி வந்தாலும் "நோ, ஐ கான்ட்" தான். வர முடியும் என்றால் "யெஸ், ஐ கேன்".

இதே குழியில் விழவைக்கும் இன்னொரு கேள்வி "வுட் யூ மைண்ட் கமிங் அட் நைன் இன்ஸ்டெட்?" ஒன்பது மணிக்கு வருவதில் உங்களுக்குச் சிரமம் உண்டா என்று கேட்கிறார். சம்மதம் என்றால் "நோ, நாட் அட் ஆல்". அவசரத்தில் "யெஸ்" என்று மட்டும் சொன்னால் சிரமம் உண்டு என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் சேர்த்து நான் பரிந்துரைப்பது, "யெஸ்", "நோ" இரண்டையுமே விட்டுவிட்டு விஷயத்தைச் சொல்வது. "மண்டே டஸின்ட் வொர்க் ஃபார் மி." "நைன் இஸ் ஃபைன்." இதைத் திருப்பிப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

அப்புறம், அவர் பேசும்போது நாம் "ம்… ம்…" என்பதற்குப் பதிலாக "யெஸ், யெஸ்" போடும் பழக்கம். நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று காட்டுகிறோம். அவரோ ஒவ்வொரு நேரத்துக்கும் சம்மதம் கிடைத்துவிட்டதாக எழுதிக்கொள்ளக்கூடும். "ஐ ஸீ" என்பது பாதுகாப்பானது.

ஒத்துக்கொண்டது ஒரே நேரம், இருவரும் காத்திருந்தது வேறு வேறு நேரம்

உண்மையில் இதுதான் அதிகம் வலிக்கும் சிக்கல், ஏனென்றால் பேசி முடித்தபோது எல்லாம் சரியாக நடந்த மாதிரியே இருந்திருக்கும். ஆங்கிலத்தில் நேரம் சொல்லும் வழக்கிலேயே இரட்டை அர்த்தம் நிறைய இருக்கிறது. உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது நடக்கும்.

"நெக்ஸ்ட் ஃபிரைடே" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை அதைச் சொன்னால், சிலருக்கு அது நாளை மறுநாள், சிலருக்கு அதற்கடுத்த வாரத்து வெள்ளி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் ஒத்துப்போவதில்லை, எது சரி என்று வாதாடிப் பயனும் இல்லை. யாராவது "நெக்ஸ்ட் ஃபிரைடே" என்றால் உடனே தேதியோடு திருப்பிக் கேளுங்கள்: "தட்ஸ் ஃபிரைடே த ட்வெல்ஃப்த், ரைட்?" நீங்கள் சொல்லும்போது "நெக்ஸ்ட்" என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

பிரிட்டனில் "ஹாஃப் செவன்" என்றால் ஏழரை. ஜெர்மன் மொழியில் இதே அமைப்பில் வரும் "ஹால்ப் ஸீபன்" ஆறரையைக் குறிக்கும், ஏனென்றால் அவர்கள் ஏழு மணியை நோக்கிப் பாதி தூரம் என்று எண்ணுகிறார்கள். எனவே பிரிட்டன்காரரும் ஜெர்மானியரும் இருக்கும் ஒரு கூட்டத்தில் "ஹாஃப் செவன்" ஒரு மணி நேரத்தையே விழுங்கிவிடும். அமெரிக்காவில் சிலர் "அ குவார்ட்டர் ஆஃப் ஃபைவ்" என்பார்கள், அது ஐந்தேகால் அல்ல, நாலே முக்கால். இதற்கெல்லாம் ஒரே மருந்து எண்ணாகச் சொல்வது: "செவன் தர்ட்டி", "ஃபோர் ஃபார்ட்டி-ஃபைவ்".

மின்னஞ்சலில் 03/04 என்று தேதி வந்தால் நின்று யோசியுங்கள். அமெரிக்காவில் அது மார்ச் 4, பிரிட்டனில் ஏப்ரல் 3. நாள் எண் 12ஐத் தாண்டினால் குழப்பம் தானே தீர்ந்துவிடும், ஆனால் மாதத்தின் முதல் 12 நாட்களுக்கு இந்த ஆபத்து உண்டு. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

12 பி.எம். என்பது நண்பகல், 12 ஏ.எம். நள்ளிரவு. அதை நினைவில் வைத்துக்கொள்வதைவிட "நூன்", "மிட்நைட்" என்று சொல்லிவிடலாம். "மிட்நைட் ஆன் ஃபிரைடே" என்றால் வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்ற சந்தேகம் அப்போதும் மிஞ்சும். அதனால்தான் பல இடங்களில் கெடு நேரத்தை 11:59 என்று போடுகிறார்கள்.

"பைவீக்லி" என்று யாராவது சொன்னால் வாரம் இரண்டு முறையா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையா என்று கேட்டே ஆக வேண்டும். அகராதிகளே இரண்டு பொருளையும் தருகின்றன. நீங்கள் "ட்வைஸ் அ வீக்" அல்லது "எவ்ரி டூ வீக்ஸ்" என்றே சொல்லுங்கள்.

வேறு நாட்டில் இருப்பவரோடு என்றால் நேர மண்டலம் இருக்கிறது. மூன்றெழுத்துச் சுருக்கங்களை நம்ப வேண்டாம்: ஐ.எஸ்.டி. என்பது இந்திய நேரத்துக்கும், அயர்லாந்தின் கோடைகால நேரத்துக்கும், இஸ்ரேல் நேரத்துக்கும் வழங்குகிறது. "த்ரீ பி.எம். யுவர் டைம்" அல்லது "த்ரீ பி.எம். லண்டன் டைம்" என்று ஊரோடு சொல்வது தெளிவு. கடிகாரத்தை மாற்றும் நாடுகள் எல்லாம் ஒரே நாளில் மாற்றுவதும் இல்லை. அமெரிக்கா மார்ச் மாத இரண்டாவது ஞாயிறன்று மாற்றுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட அந்த நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணி நேர வித்தியாசம் 4 ஆகிவிடும். வாராவாரம் நடக்கும் அழைப்புகள் மார்ச்சில் தடம் புரள்வது இதனால்தான்.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் பரவாயில்லை, ஒரு பழக்கம் மட்டும் போதும். ஃபோனை வைப்பதற்கு முன் கிழமை, தேதி, நேரம் மூன்றையும் நீங்களே உரக்கச் சொல்லிவிடுங்கள்: "சோ தட்ஸ் தர்ஸ்டே, த லெவன்த் ஆஃப் ஜூன், அட் டென் தர்ட்டி இன் த மார்னிங். இஸ் தட் ரைட்?" கிழமையும் தேதியும் ஒன்றுக்கொன்று காவல். ஒன்று தப்பினால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

சிலர் "அட்", "ஆன்", "இன்" எங்கே வரும் என்று கவலைப்படுகிறார்கள். மணிக்கு அட், நாளுக்கு ஆன், மாதத்துக்கு இன். மாற்றிச் சொல்லிவிட்டாலும் எந்தச் சந்திப்பும் அதனால் கெடாது. "பை" மட்டும் கவனம்: "பை ஃபோர்" என்றால் நாலு மணிக்குள், "அட் ஃபோர்" என்றால் நாலு மணிக்கு.

அவர்கள் தரும் நேரம் ஒத்துவரவில்லை, மறுக்க வாய் வரவில்லை

மறுப்போடு மாற்று நேரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் மேக் இட் ஆன் டியூஸ்டே. வுட் தர்ஸ்டே வொர்க்?" இதில் "அஃப்ரெய்ட்" பயத்தைக் குறிக்கவில்லை, "மன்னிக்கணும்" என்பதன் இடத்தில் நிற்கிறது. ஏன் முடியாது என்று விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "ஐ ஹாவ் அனதர் கமிட்மென்ட்" என்றால் யாரும் மேலே துருவ மாட்டார்கள்.

"வி ஆர் ஃபுல்லி புக்ட்" என்று அவர்கள் கைவிரித்தால் அதோடு பேச்சு முடியவில்லை. "வென் இஸ் யுவர் நெக்ஸ்ட் அவெய்லபிள் அப்பாயின்ட்மென்ட்?" என்று கேட்டு, கிடைப்பதை வாங்கிக்கொண்டு, கூடவே "குட் யூ கால் மி இஃப் தேர்ஸ் அ கேன்சலேஷன்?" என்று கேட்டுவையுங்கள். இரண்டாவது கேள்வியை நிறையப் பேர் கேட்பதில்லை. யாராவது ரத்து செய்தால் அந்த இடம் கேட்டுவைத்தவருக்குத்தான் போகும். உடல்நிலை மோசமாக இருந்தால் பணிவான சுற்றுவழி எதுவும் வேண்டாம். "இட்ஸ் அர்ஜென்ட். ஐ நீட் டு ஸீ சம்ஒன் டுடே." இங்கே மட்டும் கட்டளைத் தொனி தவறே அல்ல.

பார்க்கலாம் என்றார்கள், பிறகு தகவலே இல்லை

அவர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். "வி ஷுட் கெட் டுகெதர் சம்டைம்" என்பது அன்பான சொல், அழைப்பு அல்ல. அது நிஜமாகவே நடக்க வேண்டுமானால் "ஐட் லவ் டு. ஹவ் அபௌட் சாட்டர்டே?" என்று நீங்கள்தான் ஒரு நாளைக் குறிப்பிட வேண்டும். அவர் உடனே காலண்டரைப் பார்த்தால் மனமிருக்கிறது. "லெட் மி கெட் பேக் டு யூ" என்றால் பந்து அவர் கையில், இரண்டொரு நாள் பொறுத்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். "ஐ வில் பென்சில் யூ இன்" என்றால் தற்காலிகமாகக் குறித்திருக்கிறார், உறுதி இல்லை. அதை உறுதியாக்க: "கேன் வி கன்ஃபர்ம் தட் பை வெட்னஸ்டே?"

நேரத்தை மாற்றச் சொன்னீர்கள், எதிர்த்திசையில் மாற்றிவிட்டார்கள்

புதன்கிழமைக் கூட்டம் "மூவ்ட் ஃபார்வர்ட் டூ டேஸ்" என்று சொன்னால் அது எந்தக் கிழமை? லெரா போரோடிட்ஸ்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை வைத்தே சோதனைகள் செய்திருக்கிறார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களில் சிலர் திங்கள் என்கிறார்கள், சிலர் வெள்ளி என்கிறார்கள். நாம் காலத்தை நோக்கி நடக்கிறோமா, காலம் நம்மை நோக்கி வருகிறதா என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. ஆக "ஃபார்வர்ட்" வேண்டாம். "ப்ரிபோன்" இந்திய ஆங்கிலத்தில் நன்றாகப் புழங்கும் சொல், வெளியே பலருக்குத் தெரியாது. எல்லாருக்கும் புரிவது "எர்லியர்", "லேட்டர்" இரண்டும்தான்:

"சம்திங் ஹாஸ் கம் அப். குட் வி மேக் இட் எர்லியர், ஸே மண்டே அட் டென்?"

"சம்திங் ஹாஸ் கம் அப்" என்பது திடீரென்று ஒரு வேலை வந்துவிட்டது என்பதற்கு ஏற்கப்பட்ட வாக்கியம், விவரம் கேட்க மாட்டார்கள். அடியோடு வேண்டாம் என்றால் "ஐட் லைக் டு கேன்சல்" என்று சொல்லிவிட்டு "இஸ் தேர் அ கேன்சலேஷன் ஃபீ?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் முன்னதாகச் சொல்லாவிட்டால் கட்டணம் பிடிக்கும் இடங்கள் உண்டு.

பெயரைத் தப்பாகக் குறித்துக்கொள்கிறார்கள்

"லெட் மி ஸ்பெல் தட் ஃபார் யூ" என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள். பி, டி, வி எல்லாம் ஃபோனில் ஒரே மாதிரி கேட்கும், எம், என் ஜோடியும் அப்படியே. "எம் ஆஸ் இன் மேரி, என் ஆஸ் இன் நவம்பர்" என்று ஒரு சொல்லோடு சேர்த்துச் சொன்னால் தீர்ந்தது. அடையாள அட்டையில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் கொடுங்கள். இல்லையென்றால் போகும் நாளில் உங்கள் பெயர் பட்டியலில் தேடியும் கிடைக்காது.

கிளம்பிவிட்டீர்கள், நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது

குறித்த நேரம் தாண்டுவதற்கு முன்னாலேயே கூப்பிடுங்கள். "ஐ ஹாவ் அ டென் தர்ட்டி அப்பாயின்ட்மென்ட். ஐ ஆம் ரன்னிங் அபௌட் ஃபிஃப்டீன் மினிட்ஸ் லேட். இஸ் தட் ஆல் ரைட், ஆர் ஷுட் ஐ ரீஷெட்யூல்?" தாமதத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். "ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்" என்றால் அவர்கள் ஐந்தே நிமிடம் என்று நம்பி அடுத்தவரை நிறுத்திவைப்பார்கள். 20 ஆகும் என்று தோன்றினால் 20 என்றே சொல்லுங்கள். நேரமே தாண்டிப்போய்விட்டது என்றால் "ஐ ஆம் சோ சாரி, ஐ மிஸ்ட் மை அப்பாயின்ட்மென்ட் திஸ் மார்னிங். குட் ஐ புக் அனதர் ஒன்?" இதில் "டுடே மார்னிங்" வராது, "திஸ் மார்னிங்" தான்.